மாத்திடலுக்குக் கடல் வந்த வருஷம்

மாத்திடலுக்குக் கடல் வந்தது ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை, பத்து மணி பஸ் வந்து திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில். அதை முதலில் கண்டுகொண்டவை ஆடுகள்தான். ஊருக்குத் தெற்கே இருபத்துநாலு வருஷமாக மூடிக் கிடக்கும் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் சீமைக்கருவை நெற்று பொறுக்கித் தின்றுகொண்டிருந்த பதினோரு வெள்ளாடுகளும் ஒரு கிடாயும் மெல்லத் தரையை விட்டு எழும்பி, காலை உதைத்து உதைத்து, வயிற்றில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், வாயிலிருந்த நெற்றை விடாமல் மென்றபடி பள்ளத்தின் நடுவில் மிதந்தன. மேய்க்க வந்த செம்பாயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஆடு போன இடத்துக்கு ஆட்டுக்காரி போகத்தானே வேண்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள், அவளும் மிதந்தாள்.

தண்ணீர் இல்லை. கடலுக்கு உள்ள மற்றதெல்லாம் இருந்தது. அலை இருந்தது, இழுப்பு இருந்தது, உப்பு இருந்தது, காதை அடைக்கும் அந்த ஓயாத இரைச்சல் இருந்தது. இறங்கினால் மிதக்கலாம், முங்கலாம், முங்கின இடத்தில் நின்று மூச்சுவிடலாம், பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசலாம். ஏறி வந்து வெயிலில் நின்றால் நனையாத சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு காயும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறியது, இரண்டு தடவை வற்றியது, மறுநாள் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது. மாத்திடலில் அநேகமாக ஒருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பதால் இதுதான் கடல்போல என்று எடுத்துக்கொண்டார்கள். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த ஒரே ஆளான டெய்லர் அந்தோணிசாமி மட்டும் அங்கே உள்ளது ஈரமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். அது அந்த ஊர்க் கடல் என்றார்கள்.

பத்து நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மூட்டுவலிக்காரர்கள் காலை ஏத்தத்துக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாயங்கால ஏத்தத்துக்கும் போனார்கள். நிறைமாதக்காரிகள் மதியம் போய், வயிற்றுப் பாரத்தைக் கடலிடம் கொடுத்துவிட்டு ஒருமணி நேரம் மல்லாந்து தூங்கினார்கள். சுற்றுவட்டாரத்துப் பூனைகளெல்லாம் குவாரி விளிம்பில் வந்து உட்கார்ந்து, கண்ணில் படாத மீனை மோந்துகொண்டு, எந்நேரமும் மீசையை நக்கின. பஸ் கண்டக்டர் "கடல் எறங்கு, கடல் எறங்கு" என்று கூவினார். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னாத்தா இது மீன்வளத் துறைக்குச் சேர்ந்ததா, சுரங்கத் துறைக்குச் சேர்ந்ததா, வருவாய்த் துறைக்குச் சேர்ந்ததா என்று கேட்டு மூன்று இடத்துக்கும் மனுப் போட்டாள். மூன்று இடமும் மற்ற இரண்டு இடத்தைக் கைகாட்டிப் பதில் எழுதின.

கடலுக்குப் போகாத ஒரே பொம்பளை கொளஞ்சிதான்.

கொளஞ்சிக்கு நாற்பத்தாறு வயசு. பெரிய வாய்க்காரி என்று பேர் எடுத்தவள், அதை மறுத்ததும் இல்லை. அவளுடைய தம்பி அழகேசன் இருபது வயசில் அந்தக் குவாரியின் அடித்தட்டில் வெடியில் சிக்கிச் செத்தான். அதே வெடியில் அவள் புருஷன் பழமலைக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, அன்றைக்கு அக்குளில் வைத்த கட்டையை இன்னும் எடுக்கவில்லை. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். அந்தச் சாவோடு குவாரியை மூடினார்கள். அழகேசன் குடித்துவிட்டு, வெடி வைத்த இடத்துக்குத் தள்ளாடிக்கொண்டு போனான் என்று கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் எழுதினார்கள், ஊரும் அப்படியே சொன்னது. சாராய வாடை பட்டாலே குமட்டும் பிள்ளை அவன், குடிக்கவே இல்லை என்று கொளஞ்சி குழாயடியிலும் களையெடுப்பிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இருபத்துநாலு வருஷமாகச் சண்டை போட்டாள். ஒருவரும் நம்பவில்லை. பழமலை அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். வலி, பாவம், என்று அவளும் விட்டுவிடுவாள்.

இப்போது அந்தப் பழமலை தினமும் கடலுக்குப் போனான். விளிம்பில் இரண்டு கட்டையையும் போட்டுவிட்டுச் சறுக்கினாற்போல் இறங்கினால், தரையில் இருபதடிக்கு ஒருதரம் நின்று இளைப்பாறுகிற ஆள் கெண்டைமீன் மாதிரித் திரும்பினான். வீட்டுக்கு வரும்போது முகம் இளசாகி இருக்கும். கொளஞ்சி அவன் சட்டையை உதறி, உப்பு முற்றத்தில் கொட்டுவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள்.

"என் தம்பி செத்த எடத்துல நீங்க நீச்சல் அடிக்கிறீங்க."

"நான் அடியில போறதில்ல கொளஞ்சி. மேலாகத்தான் இருக்கேன்."

"மேலாப்புல இருந்தா அது வேற எடமா?"

பழமலை கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சித்திரையில் சுரங்கத் துறையிலிருந்து மெர்சி என்ற பெண் வந்தாள். நிலவியல் படித்தவள், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, முப்பது வயசுக்குள். பள்ளத்தை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டி நிரப்ப ஒரு திட்டம் இருந்தது. அதற்கு முன்னால் குவாரியின் கல் என்ன, கதை என்ன என்று அறிக்கை எழுத வேண்டும் என்று அவளை அனுப்பியிருந்தார்கள். விளிம்பில் நின்று ஒருதரம் மூச்சை இழுத்தவள், "ஏத்தம் இன்னும் ஒரு மணிக்கூர்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். ஊரில் கடலைக் கண்டு ஆச்சரியப்படாத முதல் வெளியாள் அவள்தான் என்பதால் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது.

குவாரியை அறிந்த ஆள் யார் என்று கேட்டாள். பழமலையைக் காட்டினார்கள். அவனுடைய அப்பாவும் அங்கே கல் உடைத்தவர். இவன் கம்ப்ரஸர் வைத்துத் துளை போட்டு வெடி வைத்தவன்.

அதிலிருந்து தினமும் இருவரும் இறங்கினார்கள். குவாரி ஏழு தட்டாக, கவிழ்த்துப் போட்ட கோபுரம் மாதிரிக் கீழே போகும்; ஒவ்வொரு தட்டையும் பெஞ்சு என்பார்கள். கொளஞ்சி அவனுக்கு மதியச் சோறு கொண்டுபோய் விளிம்பில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். கடல் பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போடும், அவள் வேண்டாம் என்றாலும் காதில் விழும்.

"மொதப் பெஞ்சு கடப்பாரையும் சம்மட்டியுமா வெட்டுனது மேடம். கல்லைக் கழுதையில ஏத்துனாங்களாம். ரெண்டாவதுல எங்கப்பா. மூணாவது வெட்டறப்ப லாரி வந்துச்சு, நாலுல கரண்டு வந்துச்சு."

"கல்லு அப்படியே தலைகீழ் அண்ணாச்சி. நீங்க கடைசியா வெட்டினதுதான் கடல் முதல்ல போட்டது. மேல கரிசல் மண்ணு, அதுக்குக் கீழ மஞ்ச மாவுக்கல்லு, இந்தா, இந்த அஞ்சாவது பெஞ்சு முழுக்கச் சிப்பி. ஒன்னு மேல ஒன்னா உக்காந்து, வாழ்ந்து, செத்து, கல்லாயிருக்கு. ஏழு கோடி வருசம்."

"இந்த நத்தைக்கல்லு? வண்டிச் சக்கரம் தண்டி ஒன்னு கெடைச்சுது. உடைச்சு லாரியில போட்டோம்."

"அது நத்தை இல்ல, கணவாய்க்குச் சொந்தக்காரன். ஓட்டோட நீந்தும். இப்ப உலகத்துல எங்கயும் கிடையாது."

"அத உடைச்சுத்தான மேடம் நாங்க வீடு கட்டுனோம்" என்றான் பழமலை.

ஆறாவது பெஞ்சோடு அவன் எப்போதும் திரும்பிவிடுவான். ஏழாவதற்கு மெர்சி தனியாகப் போய்ச் சுறாப்பல் பொறுக்கிக்கொண்டு வருவாள். ஒருநாள் சாயங்காலம் அவள் இவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே பழைய கோப்பைப் புரட்டி, வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தவள், "விபத்து: தொழிலாளி மது அருந்தியிருந்ததால்" என்று சத்தமாகவே படித்துவிட்டாள்.

கொளஞ்சி டம்ளரைப் பிடுங்காத குறைதான். "அவன் என் தம்பி. அவன் குடிக்கலம்மா. அதையும் உன் காயிதத்துல எழுதிப்புடாத."

மெர்சி திகைத்துப்போய், "நான் அங்க இல்லையேக்கா. இருந்தவங்க யாராச்சும் சொன்னா மாத்தி எழுதலாம்" என்றாள்.

பழமலை எழுந்து வெளியே போனான்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் கூடுதலாக ஏறும் என்று மெர்சி சொல்லியிருந்தாள். சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் பெஞ்சு வரை வந்தது. வைகாசிப் பௌர்ணமியன்று காலை ஒன்பது மணிக்கு விளிம்பைத் தாண்டியது. தாண்டி, மக்காச்சோளக் கொல்லைகள் வழியாக, ஒரு சோளத்தட்டை சாயாமல், ஒரு தூசி கிளம்பாமல், மெயின் ரோட்டில் ஏறி, தெருத்தெருவாக ஊருக்குள் வந்து, முழங்கால், இடுப்பு, கழுத்து என்று நிறைந்தது. அண்டாவும் குண்டாவும் வாசலைத் தாண்டிப் போயின. கோழிகள் இறக்கையைப் பயன்படுத்தாமலே கூரை மேலே போய்ச் சேர்ந்து, அதைத் தங்கள் திறமை என்று நினைத்துக் கொக்கரித்தன. எருமைகள் பிறவிப்பயன் அடைந்த முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டன. ஒன்பது மணி பஸ் நாற்பது பேரோடு தரையை விட்டு ஒரு முழம் எழும்பி, டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, நியாயவிலைக் கடை வரை பக்கவாட்டிலேயே நகர்ந்து போனது. அந்தோணிசாமி தன் தையல் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வந்து, "இப்பச் சொல்லுங்கய்யா, நான் சொன்னது கடலா இல்லையா" என்று கத்திக்கொண்டே ஏரிப்பக்கம் போனார்.

கொளஞ்சி ரோட்டோரம் சோளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நீந்தப் பழகாத ஒரே ஆள் அவள். கால் தரையை விட்டதும் கையை வீசினாள், திட்டினாள், சோளத்தைப் பிடித்தாள்; சோளமும் அவளோடு மிதந்தது. வந்த கடல் திரும்புகிற நேரம் வந்தபோது அந்த இழுப்பு அவளைத் தெற்கே கொண்டுபோனது. கொல்லைகளைத் தாண்டி, பூனைகளைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, சோளமணிகள் மஞ்சள் மஞ்சளாகச் சுற்றிவர, ஒவ்வொரு பெஞ்சாக, அப்பன் வெட்டியதையும் பிள்ளை வெட்டியதையும், சிப்பியையும் நத்தைக்கல்லையும் கடந்து, ஏழு கோடி வருஷத்துக்குக் கீழே, அவள் சத்தியம் பண்ணிப் போகாதிருந்த அடித்தட்டுக்கு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

பழமலை பின்னாலேயே வந்தான். தெருவில் யாரோ கத்தியதைக் கேட்டு, கட்டையைப் போட்டுவிட்டு, கூரை உயரத்தில் நீந்தி, அவள் சேலைத் தலைப்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டே ஆறாவது பெஞ்சு வரை வந்தான். அங்கே ஒரு கணம் நின்றான். பிறகு தலைகீழாக முங்கி வந்து அவள் கையைப் பிடித்தான்.

"பயப்படாத. மூச்சு வுடு. ஒன்னும் ஆவாது."

"எந்த எடம்?" என்றாள் கொளஞ்சி.

அவனுக்குப் புரிந்தது. மேற்குச் சுவரில், மற்ற இடங்களைவிட வெளுத்து, தோள் உயரத்துக்கு உள்வாங்கியிருந்த ஒரு குழிவைக் காட்டினான். கடல் அவர்களை அங்கேயே அசைத்துக்கொண்டு நின்றது. கட்டை இல்லாமல், சாயாமல், இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவளுக்கு நேரெதிராக, அவள் உயரத்துக்கு மேலே ஒரு சாண் உயரமாக நின்றிருந்த அந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"பத்துக் குழி வச்சிருந்தேன்" என்றான். "திரி கொளுத்திட்டு அந்தாண்ட மறைவுல ஒக்காந்து எண்ணுவோம். பத்துச் சத்தம் கேட்டாத்தான் போவணும். எண்ண வேண்டியவன் நான்தான். ஒரு சத்தம் இந்தச் சொவத்துல மோதித் திரும்பிச்சு. அதையும் சேத்து எண்ணிட்டேன். 'பத்து ஆச்சு மச்சான், போ'ன்னேன். அவன் ஓடுனான். பசி அவனுக்கு. சாப்பாட்டு நேரம், மேல ஏற வழி இந்தப் பக்கந்தான்."

கொளஞ்சியின் கண் அந்தக் குழிவிலேயே இருந்தது.

"ஓடறப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கூப்புட்டுக்கிட்டே பின்னால ஓடுனேன். அப்பத்தான் பத்தாவது வெடிச்சுது."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"அப்பறம் யாரு சொன்னது?"

"நான் ஆசுபத்திரியில கண்ணு முழிக்கறதுக்குள்ள எழுதிப்புட்டாங்க. மேஸ்திரி வந்து, இப்படியே இருக்கட்டும், வாயத் தொறந்தா கேசு உன் மேலதான்னு சொன்னாரு. நீ பக்கத்துல ஒக்காந்து எனக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்த. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாளும் அப்படித்தான் நெனச்சேன்."

கடல் வற்றிக்கொண்டிருந்தது. சோளமணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்தன. அவர்களுடைய பாதமும் தரையைத் தொட்டது. பழமலையின் இடுப்பு பழைய இடுப்பானது. நிற்கமுடியாமல் சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தான். கொளஞ்சி அவனைத் தூக்கவில்லை. அந்த வெளுத்த குழிவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் உப்புத்தான்.

மெர்சியும் இரண்டு ஆட்களும் தேடி இறங்கி வந்தபோது மத்தியானம். கொளஞ்சி அவளைப் பார்த்துச் சொன்னாள்: "இருந்தவங்க சொன்னா மாத்தி எழுதுவன்னியே. இவரு இருந்தாரு. கேட்டு எழுதிக்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, ஊரறிந்த அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று மெர்சிகூட யோசித்தாள். "நான் ஒருத்தியா எத்தினி வாசல்ல நின்னு கத்துனேன்னு ஒங்களுக்குத் தெரியும். அத்தினி வாசல்லயும் போயி நீங்க சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்டுப் படி ஏறாதீங்க."

மாத்திடலில் நூற்று நாற்பத்தொரு வீடு. பழமலை மறுநாள் காலையில் வடக்குத் தெரு முதல் வீட்டில் ஆரம்பித்தான். குவாரிக் காவல் கொட்டகையில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் கட்டையை ஊன்றிக் கிளம்பி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, வீட்டில் உள்ள எல்லோரும் வெளியே வரும் வரை காத்திருந்து, "அழகேசன் குடிக்கல. நான் தப்பா எண்ணிட்டேன்" என்று சொன்னான். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், அழகேசனோடு பள்ளிக்கூடம் போன ஆள், சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, பிறகு அவனே பிடித்து உட்காரவைத்து அழுதான்.

நாலாம் நாள் ஒரு விசித்திரம் நடந்தது. டீக்கடை வேலாயுதம், பழமலை சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "அன்னிக்குக் காலையில அவன் என் கடையில வாங்கிக் குடிச்சான்னு நான்தாம்பா சொன்னேன். குடிச்சானான்னு மேஸ்திரி கேட்டாரு, தலையாட்டிப்புட்டேன். அவன் குடிச்சது மோரு." அதன் பிறகு வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று வெளியே வந்தது. அவன் தள்ளாடிப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னவள், அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றாள். பாட்டிலைப் பார்த்தேன் என்றவன், பார்த்ததாகச் சொன்னவனைத்தான் பார்த்தேன் என்றான். ஒரு சாவின் மேல் ஆளுக்கொரு சிப்பியாகப் போட்டு ஊரே ஒரு பாறையை உண்டாக்கி வைத்திருந்தது தெரிந்தது. பொன்னாத்தா, தலைவர் என்ற முறையில், குழாயடியில் கொளஞ்சி முன்னால் வந்து நின்று, "நானும் சிரிச்சிருக்கேன் அக்கா, ஒங்க முதுகுக்குப் பின்னால" என்றாள். கொளஞ்சி குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்து, "கொண்டாந்து வீட்டுல வையி" என்றாள். அது தண்டனையா மன்னிப்பா என்று பொன்னாத்தாவுக்குத் தெரியவில்லை, கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குள் மெர்சி அறிக்கையை முடித்திருந்தாள். கல்லின் வகை, தட்டுகளின் வயசு, வெட்டிய விவரம் எல்லாம் எழுதி, விபத்து என்ற இடத்தில் பழமலை சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கையெழுத்து வாங்கினாள். 'பள்ளத்தில் நீர் உள்ளதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டாள். அதற்குக் கீழே இடம் இருந்தது. 'கடல் உள்ளது' என்று சேர்த்தாள். மேலிடத்தில் இதை ஆறு பேர் படித்தார்கள். கடல் இருந்தால் ஏத்தக் கோட்டிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் ஒன்றும் கொட்டக் கூடாது என்பது சட்டம் என்று ஆறாவது ஆள் கண்டுபிடித்தார். சாம்பல் லாரிகள் வேறு பக்கம் போயின. இரண்டு மீன்வளத் துறை அதிகாரிகள் ஜீப்பில் வந்து, ஒருமணி நேரம் மிதந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் திரும்பிப் போனார்கள்.

பதினோராம் நாள் சாயங்காலம் பழமலை தெற்குத் தெருக் கடைசி வீட்டில் சொல்லி முடித்தான். தொண்டை கட்டியிருந்தது. அக்குளில் கட்டை உரசின இடம் புண்ணாகியிருந்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்து, படிக்கு இந்தப்பக்கமே நின்றான். கொளஞ்சி உள்ளே முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன் கொளஞ்சி."

அவள் நிமிரவில்லை. "எத்தினி?"

"நூத்தி நாப்பது."

"ஒரு வீடு பாக்கி."

பழமலை யோசித்தான். வடக்குத் தெரு, நடுத்தெரு, காலனி, தெற்குத் தெரு என்று மனசுக்குள் ஒருதரம் நடந்து பார்த்தான். பிறகு தலையைத் தூக்கித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தான். கட்டைகளைச் சரியாக ஊன்றிக்கொண்டான். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும் வரை காத்திருந்தான். கொளஞ்சி முறத்தை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஊரில் மற்ற பெண்கள் வந்து நின்றதைப் போலவே நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அழகேசன் குடிக்கல" என்றான் பழமலை. குரல் போய்விட்டது. திரும்பவும் ஆரம்பித்தான். "அழகேசன் குடிக்கல. நான் தப்பா எண்ணிட்டேன்."

அவள் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு ஒரு படி இறங்கி வந்து, இரண்டு கட்டைகளையும் அவன் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவன் விழுந்துவிடாமல் தன் தோளைக் கொடுத்தாள்.